மதிலை உயர்த்துவதற்கு முன்: கல்வி வளாகப் பாதுகாப்பில் அயலூரின் பங்கு

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன், மாணவர் நலனும் எனது பொறுப்பில் உள்ளது. எமது மாணவியரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வளாகத்தின் பின்வாயிலுக்கு அப்பால் உள்ள ஒழுங்கைகளில் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். கடந்த தவணையில், இருட்டுப்படும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அந்த ஒழுங்கையில் மாணவியரைப் பின்தொடர்ந்த சம்பவங்கள் நான்கும், கைப்பையைப் பறித்த சம்பவம் ஒன்றும் என் கவனத்துக்கு வந்தன. நிர்வாகம் மதிலை உயர்த்தவும், கமரா பூட்டவும், பின்வாயிலை நிரந்தரமாக மூடவும் தீர்மானித்திருக்கிறது. அந்த வாயிலால் கோயிலுக்கும் வயலுக்கும் போய்வரும் ஊரார் மனம் கசந்திருக்கிறார்கள். ஊரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வழி காணலாம் என்று நான் சொன்னபோது, "இரண்டு தரம் கூட்டம் வைத்தோம், வந்தார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்" என்று பதில் கிடைத்தது. நான் எங்கே தொடங்குவது?

பதில்:

மதிப்புக்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாவது தரம் வாசித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. நீங்கள் சொல்லும் ஐந்து சம்பவங்களில் ஒன்றுகூட மதிலுக்கு உள்ளே நடக்கவில்லை. ஐந்தும் பின்வாயிலுக்கும் மாணவியரின் அறைகளுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில் நடந்திருக்கின்றன. நிர்வாகம் எடுத்த மூன்று தீர்மானங்களும் மதிலோடு நின்றுவிடுகின்றன. எனவே, வேறு எதையும் செய்வதற்கு முன், இந்த ஒரு விடயத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, தீர்மானத்தை மூன்று மாதங்களுக்கு ஒத்திவைக்குமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். சம்பவம் நடந்த இடம், நேரம், கிழமை ஆகியவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். மாணவியரின் பெயர்கள் வேண்டாம். மதிலுக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பதை விட, அது செலவாவதற்குமுன் கால அவகாசம் கேட்பது எளிது.

பின்வாயிலை மூடினால் அந்த ஒழுங்கைக்கு என்ன நேரும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் பூத்தட்டோடு கோயிலுக்குப் போகிறவர்கள், மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயலிலிருந்து திரும்புகிறவர்கள், ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் என்று அந்த வழியில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. வாயில் மூடப்பட்ட மறுநாளே அவர்கள் வேறு வழி பிடித்துவிடுவார்கள். மாணவியருக்கு வேறு வழி இல்லை. அவர்களுடைய அறைகள் அங்கேதான் இருக்கின்றன. பிரதான வாயிலால் சுற்றி வந்து, ஆளில்லாத அதே ஒழுங்கைக்குள் அவர்கள் முன்னரைவிடப் பிந்தி நுழைய வேண்டியிருக்கும். உயர்த்திய மதிலோ, உள்ளே நிற்கும் காவலாளி ஒழுங்கையைப் பார்ப்பதையும், ஒழுங்கையில் எழும் சத்தம் அவர் காதில் விழுவதையும் சேர்த்தே தடுத்துவிடும். பாதுகாப்புக்கென்று கட்டப்பட்ட மதிலின் வெளிப்புற நிழலே ஒளிந்து நிற்பதற்கு வசதியான இடமாக மாறியதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிழமையில் எங்கள் ஊர்களில் நடுச்சாமத்திலும் பெண்கள் பயமின்றி நடமாடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தக் கிழமையில் ஊருக்குப் புதிதாகக் காவலாளிகள் வந்துவிடுவதில்லை. வீதியில் வெளிச்சம் இருக்கிறது, படலையடியில் யாரோ குந்தியிருக்கிறார்கள், எந்த வளவுக்குள்ளும் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நுழையலாம். சடங்கு முடிந்த அடுத்த கிழமை அதே ஒழுங்கை மீண்டும் பயத்துக்குரியதாகிவிடுகிறது. ஊரைச் சேர்த்துக்கொள்வது என்று நான் சொல்வது, அந்தச் சடங்குக் கிழமையில் தானாக அமைவதில் ஒரு சிறு பங்கையாவது ஆண்டு முழுவதும் அமைத்துக்கொள்வதைத்தான்.

கமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடந்து முடிந்த பிறகு யார் என்று அறிய அது உதவும். நடக்கும் நேரத்தில் ஓடி வர அதற்குக் கால் இல்லை. பின்வாயிலில் ஒன்றைப் பூட்டுங்கள். அதைப் பராமரிப்பது யார், பதிவை எடுத்துப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இனி, தேநீரோடு முடிந்த அந்தக் கூட்டங்களுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், அம்பாறைக் கரையோரத்தில் ஒரு கல்வி நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் நானும் அப்படி ஒரு கூட்டம் வைத்தேன். வேலைநாள், காலை பத்து மணி, நிறுவனத்தின் பெரிய மண்டபம். மேடையில் துணி விரித்த மேசை, பூச்சாடி, ஒலிவாங்கி. எட்டு அதிகாரிகள் மேலே இருந்தோம். ஊரார் பின்வரிசைக் கதிரைகளில் ஒதுங்கி இருந்தார்கள். இரண்டு மணி நேரம் நாங்களே பேசினோம். "உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்" என்று முடித்தோம். எல்லோரும் எழுந்து போகும்போது, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மனே, மதகடியில கிடக்கிற அந்தப் பத்தைய வெட்டி, ஒரு லைட்டுப் போட்டாக் காணும். அங்கதான் அவனுகள் நிக்கிறது."

அந்த ஒரு வசனத்தில் இடம், காரணம், பரிகாரம் மூன்றும் இருந்தன. அதைச் சொல்வதற்குரிய இடம் எங்கள் கூட்டத்தில் இருக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது, இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. ஊராருக்குத் தெரியும் என்று நாங்கள் நம்பவில்லை. தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லும் மனநிலையோடு போனோம். உங்கள் நிறுவனத்தின் இரண்டு கூட்டங்களும் எப்படி நடந்தன என்று நான் அறியேன். ஆனால் வந்தவர்கள் தேநீரோடு போனார்கள் என்றால், அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எது என்பதை ஒருதரம் விசாரித்துப் பாருங்கள்.

யாரை அழைப்பது என்பதிலும் ஒரு பிழை வழமையாக நடக்கிறது. வாடகைக்கு அறை கொடுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு என்று கடிதம் போனால் கூட்டத்துக்கு ஆண்கள் வருவார்கள். எங்கள் கிழக்குக் கரையில், தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும், வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவது. உறுதி அவருடைய பெயரில் இருக்கும், மாலை வேளையில் முற்றத்தில் நிற்பவரும் அவரே. எந்த மோட்டார் சைக்கிள் எந்த நேரத்தில் எத்தனை தரம் ஒழுங்கையைச் சுற்றியது, எந்தப் பிள்ளை அழுதுகொண்டு அறைக்கு வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனவே அழைப்பை வீட்டம்மாக்களின் பெயருக்கே கொடுங்கள், அதையும் தபாலில் அனுப்பாமல் நீங்களே படலைக்குப் போய்க் கொடுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியையும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் இதில் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். கோயில் நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கரையும், அயலில் முஸ்லிம் குடியிருப்பு இருந்தால் பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் முன்கூட்டியே தனித்தனியாகப் போய்ச் சந்தியுங்கள். அவர்கள் கூட்டத்துக்கு வருவதைவிட, "அது நல்ல காரியம்" என்று ஊரில் ஒரு வார்த்தை சொல்வது உங்களுக்குப் பெரிய உதவி.

கூட்டத்தை வளாகத்துக்குள் வைக்காதீர்கள். சனசமூக நிலையம் போதும். அதைவிட, ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து வைத்தால் இன்னும் நல்லது. பெரும்போகத்து விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகளைத் தவிருங்கள், வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். போயா விடுமுறையில் பின்னேரம் நான்கு மணி பெரும்பாலானோருக்கு வசதிப்படும்.

இந்த இடத்தில், வெளியிலிருந்து வந்த சில அலுவலர்களுக்கு விளங்காத ஒன்றை உங்களுக்கு எழுத வேண்டும். "சந்தேகத்துக்கிடமானவர்களைக் கண்டால் அறிவியுங்கள்" என்ற வாசகத்தை எந்த அறிவித்தலிலும் போடாதீர்கள். ஊராரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதும் பதிவுப் புத்தகத்தை முதல் நாளே நீட்டாதீர்கள். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் பிரித்தெடுத்துக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. செப்டம்பர் வரும்போதெல்லாம் அவர்களுடைய உறவினர் விளக்கேற்றுகிறார்கள். முகத்தை மூடியபடி தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் "தலையாட்டி"யின் முன்னால் வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். "பாதுகாப்பு" என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலின் கொடூரத்துக்குப் பிறகு, முஸ்லிம் மக்களும் தங்கள் பங்குக்குச் சந்தேகப் பார்வையின் பாரத்தைச் சுமந்தார்கள். ஆகவே ஊராரிடம் ஆட்களைப் பற்றிக் கேட்காதீர்கள். இடத்தைப் பற்றிக் கேளுங்கள். "எந்த இடத்தில் பயம்? எந்த நேரத்தில்? அந்த இடத்துக்கு என்ன செய்தால் நல்லது?" என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல எவருக்கும் அச்சம் இராது. ஆட்களைப் பற்றிய பேச்சு, நம்பிக்கை வந்த பிறகு, கேளாமலே வரும்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதற்கு நான் கண்ட வழிகளில் சிறந்தது இரவு நடை. அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். நிலவில் எல்லா ஒழுங்கையும் நல்லதாகவே தெரியும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆறு மணிக்கே இருட்டிவிடுவதால், மாரி தொடங்கிய பின் வரும் மழையில்லாத ஒரு மாலை இன்னும் பொருத்தம். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்: முதலாம் ஆண்டு மாணவியர் மூவர், வீட்டம்மாக்கள் இருவர், சந்திக் கடைக்காரர், தரிப்பிடத்து ஓட்டோச் சாரதி ஒருவர், பின்வாயில் காவலாளி, கிராம உத்தியோகத்தர், நீங்கள். மாணவியர் முன்னால் நடக்கட்டும். நூலகம் மூடும் நேரத்துக்குப் புறப்பட்டு, அவர்கள் வழமையாகப் போகும் வேகத்திலேயே, கடைசி அறை வரை போங்கள். யாரும் டோர்ச் அடிக்க வேண்டாம். ஒரு மாணவி தன்னையறியாமல் நடையை விரைவுபடுத்தும் இடத்தில், அல்லது பையை மற்றத் தோளுக்கு மாற்றும் இடத்தில், எல்லோரும் நில்லுங்கள். அந்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள்.

அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் காரணம் கண்ணில் படும். ஒரு மின்கம்பத்தில் விளக்கு இராது, அல்லது வேப்பங்கிளை விளக்கை மறைத்திருக்கும். ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வளவொன்றில் ஆளுயரத்துக்குப் பற்றை வளர்ந்திருக்கும். கிறவல் வீதியில் குழி இருப்பதால் சைக்கிளில் வருபவள் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பின்தொடர்ந்து வருபவனுக்கு அது தெரியும். கைபிடிச் சுவர் உடைந்த மதகொன்று இருக்கும். வீட்டம்மா ஒருவர், "மழை பெய்தால் இந்த மதகுக்கு மேலால் முழங்காலளவு தண்ணீர் ஓடும்" என்று சொல்வார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் மாவடிப்பள்ளியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் பலியானதை நாம் மறக்க முடியாது. எந்த இடத்தில் நீர் எவ்வளவு வேகமாக வரும் என்ற அறிவு ஊராரிடம் இருக்கிறது. விடுமுறை விட்டு மாணவர்களை அனுப்பும் நேரத்தை முடிவுசெய்கிறவர்கள் அவர்களிடம் கேட்பதில்லை. பாதுகாப்பு என்பதில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் எண்ணம்.

நடை முடிந்த அன்றிரவே, எல்லோரும் கலைந்து போவதற்கு முன், வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒரு பெயரை எழுதுங்கள். பற்றையை வெட்டுவது ஒரு சனிக்கிழமைச் சிரமதானத்தில் முடியும் வேலை. மாணவரும் ஊர் இளைஞரும் சேர்ந்து செய்யட்டும், வளவுக்காரரின் உறவினரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வீதி விளக்கு பிரதேச சபையின் பொறுப்பு. உள்வீதியும் அவர்களுடையதே, ஒழுங்கை வந்து ஏறும் வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ சேர்ந்ததாக இருக்கலாம், அதைக் கிராம உத்தியோகத்தர் சொல்லுவார். நிறுவனம் தனியாக ஒரு கடிதமும், கிராம அபிவிருத்திச் சங்கம் இன்னொரு கடிதமும் அனுப்பினால் இரண்டும் இரண்டு கோப்புகளில் உறங்கிப்போகும். இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒரே கடிதமாக, மின்கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் அந்த இலக்கத்தையும் குறிப்பிட்டு, கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது முதல், 2025 மே மாதத் தேர்தல் வரை, பிரதேச சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இல்லாதிருந்தார்கள். இப்போது வட்டார உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அடுத்த நடைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். இருட்டில் நின்று ஒருதரம் பார்த்தவர், சபையில் அதைப் பற்றிப் பேசும் விதமே வேறாக இருக்கும்.

வீதி விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்கையில் ஐந்து அல்லது ஆறு வீடுகளையும் சந்திக் கடையையும் தெரிவு செய்து, படலையில் ஒரு 9 வாட் எல்.ஈ.டி. விளக்கைப் பூட்டச் சொல்லுங்கள். மாலை ஆறிலிருந்து இரவு பத்து மணி வரை எரிந்தால் மாதத்துக்கு ஓர் அலகுக்குச் சற்று அதிகமான மின்சாரமே செலவாகும். குமிழையும் அந்தச் செலவையும் நிறுவனம் ஏற்றுக்கொள்ளட்டும். தொகை சிறிதாக இருந்தாலும், கணக்கு எழுதி ஒவ்வொரு தவணையும் தவறாமல் கொடுங்கள். ஊராரின் தயவை இலவசமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. விளக்கு எரியும் படலை எதுவோ அதற்குள் எந்த மாணவியும் கேளாமலே நுழையலாம், அங்கே ஒரு கதிரை இருக்கும், காரணம் கேட்க மாட்டார்கள் என்பதை இரு பக்கமும் அறிந்திருக்க வேண்டும். புதிய மாணவியர் வந்த முதற் கிழமையிலேயே அவர்களை அந்த வீடுகளுக்கு அழைத்துச் சென்று முகம் காட்டுங்கள். பெயர் தெரிந்த பிள்ளைக்கு ஒன்று நடந்தால் ஊர் எழும்பும்.

ஓட்டோச் சாரதிகளை மறக்க வேண்டாம். அந்தச் சந்தியில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்களே, வெளியார் யார் என்று முதலில் அறிபவர்களும் அவர்களே. அவர்களோடு பேசும்போது இரவு நேரக் கட்டணத்தையும் ஒரேயடியாகப் பேசி முடித்து, எழுதி, பின்வாயிலில் ஒட்டிவிடுங்கள். கட்டணத்தில் வரும் தகராறுதான் மாணவியரை நடந்து போக வைக்கிறது என்பதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விடயம். ஊரைச் சேர்த்துக்கொள்ளும் முயற்சிகள் கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு: வீதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், சிலர் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். எத்தனை மணிக்கு வருகிறாள், யாரோடு கதைக்கிறாள், என்ன உடுத்தியிருக்கிறாள் என்ற விசாரணை "உங்கட நன்மைக்குத்தான் மகள்" என்ற இனிய சொல்லோடு ஆரம்பிக்கும். பிறகு பெற்றோருக்குத் தொலைபேசி போகும். தமிழ் மாணவியும் முஸ்லிம் மாணவனும் ஒன்றாக நின்று ஒரு பாடக்குறிப்பைப் பகிர்ந்துகொண்டதற்காக, ஊர் இளைஞர்கள் அவர்களை மறித்துக் கேள்வி கேட்ட சம்பவத்தை நான் அறிவேன்; அந்த இளைஞர்கள் தாங்கள் பாதுகாப்புக் குழு என்றே சொன்னார்கள். அதன் பிறகு அந்த மாணவி தனக்கு உண்மையாகவே ஆபத்து வந்த நாளில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்" என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அவள் அறிந்திருந்தாள்.

இதற்கு இடம் வைக்காதபடி, முதற் கூட்டத்திலேயே சில உடன்பாடுகளை வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். யாரும் எந்த மாணவரையும் மறித்துக் கேள்வி கேட்பதில்லை. யாருடைய படத்தையும் எடுப்பதில்லை. மாணவியரின் போக்குவரத்தைப் பற்றி வீட்டாருக்கு அறிவிப்பது இந்த ஏற்பாட்டின் வேலை ஆகாது. சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டியது காவலாளியையும் பொலிஸையும். கைவைப்பது ஊராரின் வேலை இல்லை. இதே காரணத்தால், வாட்ஸ்அப் குழு தொடங்கும் ஆசையை முதல் ஆறு மாதத்துக்கு அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு படமும் ஒரு தவறான ஊகமும் ஓர் இரவுக்குள் இரண்டு ஊர்களுக்கிடையே சண்டையை மூட்டிவிடக்கூடிய மாவட்டத்தில் நாம் இருக்கிறோம்.

வாடகை வீடுகளைப் பற்றி இன்னொன்று. புதிய மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் பகிடிவதை வளாகத்துக்குள் கண்காணிக்கப்படும் அளவுக்கு, அது வெளியே அறைகளுக்கு இடம்பெயர்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ செய்யப்படும் பகிடிவதையைக் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரையான கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ ஏற்பட்டால் பத்து ஆண்டு வரை. "அது அவங்கட கம்பஸ் பிரச்சினை" என்று ஒதுங்கும் வீட்டுக்காரருக்கு இந்த "வெளியேயோ" என்ற சொல்லை விளக்குங்கள். நள்ளிரவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதையும், பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதையும் முதலில் காண்பவர் வீட்டம்மாதான். அவர் இரவு பதினொரு மணிக்கும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம், அதை எடுத்துப் பேசும் ஒரு பெண் அலுவலர் என்ற இரண்டையும் நிறுவனம் கொடுக்க வேண்டும். வீதியில் சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வது தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பதையும் ஓட்டோத் தரிப்பிடத்தில் சொல்லி வையுங்கள். 119 பொலிஸ் அவசர அழைப்பு, 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1990 அம்பியூலன்ஸ் ஆகிய மூன்றையும் விளக்கு எரியும் வீடுகளின் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தில் சிங்கள மாணவியரும் இருந்தால், அந்தத் தாளில் "என்னைப் பின்தொடர்கிறார்கள்", "கொஞ்ச நேரம் இங்கே நிற்கலாமா" போன்ற வசனங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் அருகருகே எழுதுங்கள். மொழி தெரியாத காரணத்தால் படலையைத் தாண்டிப் போய்விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பொலிஸாரை முதற் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம். அவர்கள் இருக்கும்போது ஊரார் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் பொறுப்பதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவித்து, வரைபடம் தயாரான பிறகு, சிறுவர் மகளிர் பிரிவின் பெண் உத்தியோகத்தரோடு சேர்த்து இரண்டாம் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். ஊரில் சிவில் பாதுகாப்புக் குழு உயிரோடு இருந்தால் அதன் உறுப்பினரையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பின்வாயிலைப் பொறுத்தவரை, அதை மூடாமல் நேரம் குறித்துத் திறந்து வைக்கக் கோருங்கள்: காலைப் பூசைக்குப் போகிறவர்களுக்காக ஐந்தரைக்குத் திறந்து, நூலகம் மூடி அரை மணி நேரம் கழித்து அடைக்கலாம். அங்கே நிற்கும் காவலாளியை மாதத்துக்கு மாதம் மாற்றாதிருக்கச் சொல்லுங்கள். ஊராரை முகம் பார்த்து வணக்கம் சொல்லும் ஒரு காவலாளி, முகமறியாத மூவருக்குச் சமம். அதோடு, ஊராருக்கு நிறுவனத்தின் மேல் இருக்கும் மனக்குறைகளையும் அதே பாயில் இருந்து கேளுங்கள். விடுதிக் கழிவுநீர் யாருடைய வரவைக்குள் போகிறது, எந்த மாணவர்கள் இரவில் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் மைதானம் மறுக்கப்பட்டது என்றெல்லாம் வரும். அவற்றில் ஒன்றையாவது விளக்குப் பூட்டுவதற்கு முன்னர் தீர்த்து வையுங்கள். தன் வயலுக்குள் உங்கள் கழிவுநீர் பாயும்போது, உங்கள் மாணவிக்காக இரவில் படலையைத் திறந்து வைக்குமாறு அந்த வீட்டாரைக் கேட்க எவருக்கும் வாய் வராது.

மூன்று மாதம் கழித்து நிர்வாகம் கணக்குக் கேட்கும். முறைப்பாடுகளின் எண்ணிக்கையைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முயலாதீர்கள். சொல்லலாம் என்ற துணிவு வந்தவுடன் முறைப்பாடுகள் முதலில் கூடும், அதைத் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். இதை இன்றே, ஒத்திவைக்கக் கோரும் அந்த ஒரு பக்கக் கடிதத்திலேயே முன்கூட்டி எழுதி வையுங்கள். அதற்குப் பதிலாக, மாலை ஆறு மணிக்குப் பிறகு நூலகத்தில் இருக்கும் மாணவியர் எத்தனை பேர், ஏழு மணிக்குப் பின்வாயிலால் தனியாகப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நடைக்கு முந்திய ஒரு கிழமையும், மூன்று மாதத்துக்குப் பின் ஒரு கிழமையும் காவலாளியைக் கொண்டு எண்ணச் செய்யுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை, கோடு போட்டால் போதும்.

முதல் நடைக்கு வரும் மூன்று மாணவியரையும் நீங்கள் தெரிவு செய்யாமல், மாணவியரே தங்களுக்குள் தெரிவு செய்யட்டும். பின்தொடரப்பட்டவர்களில் ஒருத்தி வர விரும்பினால் வரட்டும், விரும்பாவிட்டால் அவளை வற்புறுத்த வேண்டாம். அவள் அறையில் இருந்தபடியே வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்து உங்களிடம் அனுப்பலாம். அந்தப் புள்ளி யாருடையது என்பது உங்களோடு இருக்கட்டும்.